வேட்கை இல்லாத பார்வை

ஒரு பொருளை உடைமையாக்கிக்கொள்ள நினைக்காமல் அதில் முழு மனதோடு திளைக்க முடியுமா? முடியும் என்பதற்கு யோகஹாமாவின் டைகோகு பார்க்கிங் நல்ல சான்று. விரைவுச்சாலை வழியாக வண்டியில்தான் அங்கே போக முடியும். ஜப்பானின் பழைய வேகக் கார்கள் இரவுகளில் அங்கே கூடுகின்றன; கூட்டம் மிஞ்சினால் போலீஸ் அடைத்துவிடுவதும் உண்டு. நான்கு வட்ட டெயில் லைட்டோடு ஒரு நிசான் ஸ்கைலைன் நுழைந்தால், விவரம் தெரிந்தவரின் கண் விளக்கோடு நிற்பதில்லை. சாதாரண ஸ்கைலைனிலும் அந்த விளக்கு உண்டே! முன்சக்கரத்துக்கு மேலே மட்கார்டு புடைத்திருக்கிறதா என்று பார்க்கிறது. 1989-இல் வந்த ஜிடி-ஆர் என்ற வேக ஸ்கைலைனுக்கு அகன்ற சக்கரங்கள். அவற்றுக்கு இடம்விடத்தான் அந்தப் புடைப்பு. எடை குறைய அந்த மட்கார்டையும் பானட்டையும் அலுமினியத்தில் செய்தார்கள். இந்த நுணுக்கத்தைக் கண்டுகொண்டதும் பார்த்தவரின் மகிழ்ச்சி நிறைந்துவிடுகிறது. பக்கத்தில் நிற்பவரும் கண்டுகொண்டால் அது கூடுமே தவிரக் குறையாது. உடைமை அப்படியல்ல, ஒருவர் கைக்குப் போனது இன்னொருவருக்கு இல்லை.

பௌத்தம் இதை எளிதில் ஒப்பாது. மணிமேகலைக் காப்பியம் சொல்லும், ஒன்றிலிருந்து ஒன்று தோன்றும் பன்னிரு சார்பில் ஊறிலிருந்து (புலன் தொடர்பிலிருந்து) நுகர்வு, நுகர்விலிருந்து வேட்கை, வேட்கையிலிருந்து பற்று. கண்ணில் பட்டதே கடைசியில் விலங்காகும் என்பது வலுவான மறுப்பு. இந்தக் கார்களே அதற்குச் சாட்சியும் சொல்கின்றன: அமெரிக்கா 25 ஆண்டு நிறைந்த வண்டிகளைப் பாதுகாப்பு விதிகளிலிருந்து விலக்கி உள்ளே விடுவதால், 1999-இன் ஆர்34 ஜிடி-ஆருக்கு 2024-இல் கதவு திறந்தது, விலையோ அதற்கு முன்பே எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. பார்வை வேட்கையாக மாறுகிறது, மறுக்கவில்லை. ஆனால் மாறியே தீருமா? புத்தருக்கும் நுகர்வு இருந்தது, வேட்கைதான் இல்லை என்று அந்த மரபே சொல்கிறது. நுகர்வை வேட்கையோடு பிணைக்கும் கண்ணியை அறுக்கலாம் என்பதுதானே அதன் நம்பிக்கை! பார்ப்பதெல்லாம் மறைமுகமாக வாங்க ஏங்குவதுதான் என்றால், விலை ஏற ஏறப் பார்வை கசந்திருக்க வேண்டும். வாங்கவே முடியாதவர்கள் இன்றும் அதே ஆவலோடு பார்க்கிறார்கள்.

இரைச்சலும் புகையும் அக்கம்பக்கத்தார் தூக்கத்தைக் கெடுப்பது உண்மையான குற்றம். அதை இந்த வாதம் நியாயப்படுத்தவில்லை. பார்வைக்கு முடுக்கிய இயந்திரம் தேவையுமில்லை. மஸ்டா ஆர்எக்ஸ்-7 ஒன்றின் பானட் திறந்திருக்கிறது, இயந்திரம் அணைந்திருக்கிறது. உள்ளே பிஸ்டன் கிடையாது. முக்கோணச் சுழலிகள் இரண்டு, 1.3 லிட்டர்தான். அதன் மேல் குனிகிறவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்கிறார்.