தலையளவும் வினைப்பயனும்

துன்பம் நேர்ந்தவிடத்து மக்கள் இரண்டு வினாக்களை எழுப்புகின்றனர். ஒன்று, ‘இது யார் குற்றம்?’ என்பது, மற்றொன்று, ‘இதற்கு என் செய்வது?’ என்பது. முதல் வினாவிலேயே காலத்தைக் கழிப்போர் இரண்டாவதை மறந்து விடுகின்றனர். கருவிலுள்ள சிசுவின் தலை சிறுத்திருக்கிறதென்று அறியவரும் தாயின் விஷயத்தில் இவ்வுண்மை நன்கு விளங்கும்.

புதுதில்லியில், முன்னர் ரீடிங் ரோடு எனப்பட்ட மந்திர் மார்க்கில் புத்த விகாரம் இருக்கிறது. சற்றுத் தொலைவில், பெண்களின் மருத்துவக் கல்விக்கென 1916இல் தொடங்கப்பெற்ற லேடி ஹார்டிங் கல்லூரி உள்ளது. ஸ்கேன் அறிக்கையுடன் ஒரு சகோதரி இவ்விரண்டுக்கும் இடையே நிற்பதாகக் கொள்வோம். ‘கிரகணத்தில் வெளியே போனாயா? முற்பிறப்பில் என்ன பாவம் செய்தாய்?’ என்று சுற்றத்தார் அவரைக் கேட்பர்.

மருத்துவர் கேட்பன வேறு. கரு உண்டான நாள் சரியாகக் கணக்கிடப்பட்டதா? பெற்றோரின் தலையும் சிறியதா? நாம் ஆலையில் உழைத்த காலத்தில், நூலின் நம்பரை அறியச் சிட்டத்தை நிறுத்துப் பார்ப்போம். ஒரு சிட்டம் எடை குறைந்தால் பஞ்சு முழுவதையும் பழிப்பதில்லை. மறு சிட்டத்தை நிறுப்போம். மருத்துவரும் அவ்வாறே சில வாரங்கள் கழித்து மீண்டும் அளக்கின்றனர். சராசரியினின்று மிகவும் தாழ்ந்த அளவே கவலைக்குரியது. கருவில் சிறிதெனக் கண்ட தலை, பிறந்தபின் சரியான அளவில் இருந்ததும் உண்டு.

உண்மையாகவே குறை இருப்பினும் அதற்குக் காரணங்கள் உண்டு: ரூபெல்லா முதலிய தொற்றுக்கள், நஞ்சுக்கொடியின் குறை, மது, மரபணுக் கோளாறு. நெருங்கிய உறவில் மணம் செய்வது சிலவகை மரபணுக் கோளாறுகளை மிகுவிக்கும். 2015இல் பிரேசிலில் சிறுதலைக் குழந்தைகள் பலர் பிறந்தனர். ஜிக்கா என்னும் வைரஸைக் கொசு பரப்பியதே அதற்குக் காரணம் எனப் பின்னர்த் தெளிந்தது. அத்தாய்மாரெல்லாம் ஒரே ஆண்டில் பாவிகளாயினரோ?

சீவகன் என்னும் பரிவிராஜகருக்குப் பகவான் புத்தர் துன்ப உணர்வின் காரணங்கள் எட்டினை விளக்கினார். பித்தம், சிலேத்துமம், வாதம், பருவமாறுதல் முதலியன ஏழு. வினைப்பயன் எட்டில் ஒன்றே. எல்லாவற்றையும் பழவினைமேல் ஏற்றுவது தம்மமன்று. நம் முன்னோரை இழிபிறப்பினர் என்று ஒதுக்கியோரும் இதே பழவினையைத்தானே காட்டினர்! அவ்வாயுதத்தை நாமே ஒரு கர்ப்பவதிமீது வீசலாமா?

குறை கடுமையானதென்று உறுதிப்படின் கருவைத் தொடர்வதா என்னும் கொடிய வினா எழும். 2021இல் திருத்தப்பெற்ற சட்டம், சிசுவுக்குப் பெருங்குறை உண்டென்று மருத்துவக் குழு கண்டால் 24 வாரத்துக்குப் பின்னும் கருக்கலைப்பை அனுமதிக்கிறது. 2022 டிசம்பரில், சிசுவின் மூளையில் குறை காணப்பட்ட 33 வாரக் கர்ப்பவதி ஒருவரின் வழக்கில், தில்லி உயர்நீதிமன்றம் தாயின் விருப்பத்தை மதித்து அனுமதி அளித்தது. கொல்லாமை நம் முதற் சீலம். அதனை நாம் எளிதாகக் கொள்ளோம். ஆயினும் சீலம் என்பது தன்னைத் தான் காத்தற்கு ஏற்பது. பிறர்மீது எறியும் கல்லன்று. அச்சுமையைச் சுமப்பவர் அத்தாயே, முடிவும் அவருடையதே.

அவர் எம்முடிவு கொள்ளினும் நம் கடமை ஒன்றே. மறுபரிசோதனைக்கு உடன் செல்லுதல், செலவில் பங்கேற்றல், குறையுடன் குழந்தை பிறப்பின் அதனை நம் குழந்தையாகவே வளர்த்தல், பிறவாதொழியின் தாயின் துயரில் பழிச்சொல் இன்றி அருகிருத்தல். கருணையற்ற கூட்டம் சங்கமாகாது.