பட்டியலில் ஒரு பெயர்

ஞாயிறு ஆராதனையின் நடுவே எங்கள் சபையில் சுகவீனர் பட்டியலை வாசிப்பார்கள். முதலில் முதியவர்கள், பிறகு ஆஸ்பத்திரியில் இருப்பவர்கள், கடைசியில் என் மகள். அண்மையில் ஒரு ஞாயிறு, தன் பெயரைக் கேட்டதும் அவள் எழுந்து நின்று சபையே கேட்கும்படி "ஆமென்!" என்றாள். அவ்வளவு சந்தோஷம் அந்தக் குரலில். சிலர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அன்பான சிரிப்புத்தான். அந்த ஆமென் மட்டும் என்னை விடமாட்டேன் என்கிறது.

அவளுக்கு 11 வயது. டவுன் சிண்ட்ரோம். எதற்கு ஆமென் சொன்னாள்? பெயர் எதற்காக வாசிக்கப்படுகிறது என்று தெரிந்திருந்தால் சொல்லியிருப்பாளா?

பிறந்தபோது அவள் இதயத்தில் ஓட்டை இருந்தது. டவுன் சிண்ட்ரோமுடன் பிறக்கும் குழந்தைகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இதயக் கோளாறு இருக்கும். அறுவை சிகிச்சைக்காகக் கோலாலம்பூரில் காத்திருந்தபோது, அந்த ஓட்டை அடைபட வேண்டும் என்று இரவெல்லாம் ஜெபித்தேன். அப்போது குழப்பமே இல்லை. நோய் எது, பிள்ளை எது என்று தெரிந்தது. ஆனால் 21ஆம் குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருப்பதை அப்படிப் பிரிக்க முடியவில்லை. டவுன் சிண்ட்ரோமுக்குக் காரணமே அதுதான். அதை எடுத்துவிடும்படி கேட்டால், வேறொரு மகளையல்லவா கேட்கிறேன்?

என் சின்ன வயதில் எங்கள் தேயிலைத் தோட்ட லயத்தில் ஓர் அண்ணன் இருந்தார். பேச்சு வராது. பெண்கள் கொழுந்தெடுக்கப் போகும்போது வாசற்படியில் உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் கையசைப்பார். உபதேசியார் வரும் நாளில் மட்டும் அவரை உள்ளே அனுப்பிக் கதவைச் சாத்திவிடுவார்கள். "அவனுக்கும் சேத்துத்தானேடி ஜெபம் பண்ண வராரு?" என்று பாட்டி கேட்டது ஞாபகம் இருக்கிறது. அந்த அண்ணனின் அம்மா என்ன சொன்னார் என்பது ஞாபகமில்லை. யார் செய்த பாவமோ என்று லயத்தில் பேசிக்கொள்வார்கள். யோவான் 9ஆம் அதிகாரத்தில் பிறவிக் குருடனைக் காட்டிச் சீடர்கள் கேட்பதும் அதேதான். அவனுமில்லை, பெற்றோருமில்லை என்று இயேசு மறுத்துவிடுகிறார். இருந்தாலும் அந்த அதிகாரம் எனக்கு முழு ஆறுதல் தருவதில்லை. கொஞ்சம் தள்ளி அவன் பார்வை பெற்றுவிடுகிறான்.

வேதத்தில் நான் திரும்பத் திரும்பப் போவது மேவிபோசேத்திடம். ஐந்து வயதில், தாதி தூக்கிக்கொண்டு ஓடும்போது விழுந்து முடமானவன். தாவீது ராஜா அவனைத் தன் பந்தியில் உட்கார வைக்கிறான். அவனைப் பற்றிய அதிகாரம் முடியும்போதும் இரண்டு காலும் முடம்தான். யாரும் குணமாக்கவில்லை, இடம் கொடுத்தார்கள். மலேசியாவில் 2019இல் என் மகளைப் போன்ற பிள்ளைகளைப் பள்ளிகள் திருப்பி அனுப்பக் கூடாது என்ற கொள்கை வந்தது. பிள்ளைகள் மாறவில்லை, விதிதான் மாறியது.

இப்படிச் சொல்லி அமைதியாகிவிடவும் முடியவில்லை. 2013 அக்டோபர் 23 பின்னிரவில் சுல்தான் அபு பக்கர் அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டு, பெர்த்தாம் ஆறு எங்கள் பள்ளத்தாக்கில் புகுந்தது. உயிர்கள் போயின. அப்போது அவள் பிறக்கவில்லை. இன்று அப்படி ஓர் இரவு வந்து அபாயச் சங்கு ஊதினால், அவள் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கடியில் ஒளிவாள், ஓட மாட்டாள். நான் இல்லாத காலத்தில் அவளை யார் இழுத்துக்கொண்டு ஓடுவார்கள்? இந்த நினைப்பு வரும் இரவுகளில், அந்தக் குரோமோசோமையும் எடுத்துவிடும் ஆண்டவரே என்றுதான் கேட்கிறேன். காலையில் அவள் விழித்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டதும், கேட்டதைத் திரும்ப வாங்கிக்கொள்ளத் தோன்றுகிறது.

பட்டியலிலிருந்து அவள் பெயரை எடுத்துவிடச் சொல்லலாமா என்று போதகரிடம் இன்னும் கேட்கவில்லை. எடுத்துவிட்டால் அவள் காத்திருந்து ஏமாறுவாள். இருந்தால், வாரந்தோறும் அவளை நோயாளி என்று சொல்கிறோம்.

உங்கள் சபையிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், எதற்காக ஜெபிக்கலாம் என்று முதலில் அதன் அம்மாவிடம் கேளுங்கள். அவள் தயங்கினால் தப்பாக நினைக்காதீர்கள். எனக்கே இன்னும் தெரியவில்லை. ஜெபம் முடிந்ததும் அந்தப் பிள்ளையை உங்கள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுங்கள்.