எதிரியின் சமாதி

போர் முடிந்து 2010இல் ஊருக்கு மீளக்குடியேறி வந்து, தறப்பாள் கொட்டிலுக்குள் வகுப்பு நடத்தினோம். எல்லாளன் ஆண்ட காலம் 44 ஆண்டு என்று கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினேன். முன் வாங்கில் இருந்த பொடியன் எழும்பி, "ரீச்சர், எல்லாளன் எங்கட ஆளோ, வந்த ஆளோ?" என்றான்.

மூன்று வருசத்துக்கு முன்னர் கேட்டிருந்தால் யோசிக்காமல் "எங்கட ஆள்" என்றிருப்பேன். 2007 ஒக்டோபர் 22இல் அநுராதபுரம் வான்படைத் தளத்தைப் புலிகள் தாக்கினார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் எல்லாளன் நடவடிக்கை. எதிர்ப்பக்கத்தில், எல்லாளனை வென்ற துட்டகைமுனுவுக்காக, கெமுனு என்ற பெயரில் 1962 முதலே ஒரு படைப்பிரிவு இருக்கிறது. செத்து இரண்டாயிரம் ஆண்டுக்கு மேலான இரண்டு அரசர்களும் எங்கள் வயலுக்கு மேலால் திரும்பவும் சண்டை பிடித்தார்கள்.

நான் வரலாறும் சைவநெறியும் படிப்பித்தவள். முதல் பாடவேளையில் ஆணவம், கன்மம், மாயை. இரண்டாவதில் வெற்றியும் தோல்வியும். உயிர் சார்ந்ததன் வண்ணமாகும் என்கிறது சித்தாந்தம். செம்பரத்தம் பூவுக்குப் பக்கத்தில் வைத்த பளிங்கு சிவப்பாகத் தெரிவது போல. அப்படியென்றால் பிள்ளைக்குப் பக்கத்தில் நான் எந்த வரலாற்றைக் கொண்டுபோய் வைக்கிறேன்? 'நான்' என்பது ஆணவம். அதையே 'நாங்கள்' என்று சொன்னால் குறைந்துவிடுமா? கூடும் என்றுதான் நினைக்கிறேன். தனியாளுக்காவது வெட்கம் வரும், கூட்டத்துக்கு அதுவும் வராது. ஆனாலும் 'நாங்கள்' என்பதையே விட்டுவிடுங்கள் என்று புத்தி சொல்பவர்களோடு எனக்கு ஒத்துவராது. ஆளாளாகப் பிரித்துப் பார்த்தா எங்களுக்கு ஷெல் அடித்தார்கள்?

2021இல் எங்கள் உருத்திரபுரீஸ்வரர் கோயில் வளவைத் தொல்லியல் திணைக்களம் கிண்டப் போகிறது என்ற கதை வந்தது. சனம் கோயிலடியில் கூடியது. நானும் போய் நின்று, "ஆயிரமாயிரம் வருசமாய் எங்கட மண்" என்று சத்தம் போட்டேன். வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடிக்கும்போதுதான் அம்மம்மா நினைவுக்கு வந்தா. இரணைமடுத் தண்ணியை நம்பி, அம்மம்மா காலத்துக் குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் நாங்கள். சதுர ஆவுடையாரில் இருக்கிற சிவன் பழையவர், நான் புதுசு. அதற்காக அண்டைக்குக் கோயிலடியில் நின்றது பிழையென்று சொல்லமாட்டேன். கிண்டி எடுப்பதைச் சிங்கள பௌத்தத்தின் பெயரில் எழுதிவிடுவார்கள் என்ற பயம் பொய்யில்லை. ஆனால் மணிமேகலை தமிழில் எழுதிய பௌத்தக் காப்பியம். ஏதாவதொரு பௌத்தக் கல் கிடைத்தால் அதை வைத்துக் கும்பிட்டது தமிழ் பேசின ஆளாயும் இருக்கலாம். இந்தக் கதையைக் கேட்க இரண்டு பக்கத்திலும் ஆளில்லை.

பொடியனுக்கு அண்டைக்கு என்ன சொன்னேன்? பாளி வரலாற்று நூலான மகாவம்சம் சொல்வதையே சொன்னேன். சோழ நாட்டிலிருந்து வந்தவன், நண்பன் பகைவன் பாராமல் நீதி செய்தவன். கன்றை இழந்த பசு மணி அடித்த கதையும் அதில் இருக்கிறது. திருவாரூரில் மனுநீதிச் சோழனுக்குச் சொல்கிற அதே கதை. எல்லாளனைக் கொன்ற துட்டகைமுனு அவனுக்கு ஒரு நினைவிடம் எழுப்பினான். அந்த இடத்தைக் கடக்கிறபோது அரசர்களும் வாத்தியத்தை நிறுத்தினார்கள். அதே நூலில்தான், போரில் செத்தவர்களை எண்ணிக் கலங்கிய அரசனிடம் பிக்குகள் எட்டுப் பேர் வந்து, நீ கொன்றது ஒன்றரை மனிதரைத்தான் என்று தேற்றுகிறார்கள். மற்றவர்கள் கணக்கில்லை. நினைவிடமும் அந்த ஒன்றரையும் ஒரே நூலில் இருக்கின்றன.

பொடியன் விடவில்லை. "அப்ப கனகபுரத்திலை ஏன் ரீச்சர் இடிச்சவை?"

புலிகளின் மாவீரர்களைப் புதைத்த கனகபுரம் துயிலும் இல்லம் எங்களுக்குப் பக்கத்து ஊரில் இருக்கிறது. ஆமிக்காரர் புல்டோசர் போட்டுக் கல்லறைகளை உடைத்துவிட்டார்கள். 2016இல் சனம் துப்புரவாக்கி விளக்கேற்றும் வரை, அது கல்லும் கம்பியுமாய்த்தான் கிடந்தது. அவனுடைய தமையன் அங்கேதான் என்பது எனக்குத் தெரியும். பாடப்புத்தகத்தில் அதற்குப் பக்கமில்லை. எங்கள் பக்கத்து வரலாற்றை நான் படிப்பித்த காலத்தில், செத்த ஆமிக்காரப் பொடியனுக்கும் என்னிடம் பக்கம் இருக்கவில்லை. அதை அவனுக்குச் சொல்ல வாய் வரவில்லை. இங்கேதான் எழுதுகிறேன்.

அந்தத் தவணைப் பரீட்சையில், துட்டகைமுனு செய்த பணிகள் இரண்டு எழுதுக என்று ஒரு கேள்வி. பொடியன் எழுதியிருந்தான்: ஒன்று, ருவன்வெலிசாய கட்டினார். இரண்டு, எதிரிக்குச் சமாதி கட்டினார்.

புள்ளித்திட்டத்தில் இரண்டாவது விடை இல்லை. நான் சரி போட்டேன்.