தந்தையார் வகுத்த வரம்பு

பொருளீட்டுதல் இல்லறத்தார்க்கு விலக்கன்று. அளவின்றி ஈட்டுதலே விலக்கு. ஐந்து அணுவிரதங்களுள் கள்ளாமையும் மிகுபொருள் விரும்பாமையும் வணிகரை நாள்தோறும் சோதிப்பவை. பொய்யளவையையும் கலப்படத்தையும் கள்ளாமையின் மீறல்களாகவே தத்துவார்த்த சூத்திரம் எண்ணுகிறது.

வந்தவாசியில் எங்கள் தந்தையார் சிறிதாகத் தொடங்கி வளர்த்த நெல் மண்டியில் இவ்விரதங்களை நேரில் கண்டோம். நெல் வாங்கவும் அரிசி விற்கவும் ஒரே எடைக்கல். பொழுது சாயுமுன் உணவு கொள்ள எழுந்துவிடுவார். மாலை வியாபாரம் போயிற்றே என்று வருந்தியதில்லை. குடும்பத்துக்கு இவ்வளவு போதும் என்று ஒரு தொகையைப் பேரேட்டின் முதல் பக்கத்தில் எழுதியிருந்தார். மிஞ்சியது உணவு, மருந்து, சாத்திரம், அடைக்கலம் என்னும் நால்வகைத் தானத்துக்குச் சென்றது.

“இன்னொரு கடை வைத்திருக்கலாமே” என்று இளமையில் அவரைக் குறை கூறினோம். அவர் மறைந்தபின் வைத்தோம். வரவு பெருகியது. எங்கள் பேரேட்டின் முதல் பக்கமோ இன்றும் வெறுமையாக இருக்கிறது.

அவர் படத்துக்கு மாலையிடுவது எளிது. அப்பக்கத்தில் ஒரு தொகையை எழுதுவதே அரிது. எழுதப்போனால் கை தயங்குகிறது. அத்தயக்கத்துக்குத்தான் பற்று என்று பெயர். மகாவீரர் வீடுபேறு எய்திய தீபாவளித் திருநாளிலேனும் உடன்பிறந்தோர் கூடி அதனை எழுதுவோமாக. தந்தையார்க்கு நாங்கள் செய்யத்தக்க வழிபாடு அதுவே.