சாவி யார் கையில்?

பெற்றோர் இல்லாமல் இல்லத்தில் வளர்ந்த பெண்ணுக்கு 18 வயது முடிந்ததும் சட்டத்தின் கணக்கில் அவள் குழந்தை இல்லை. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் அத்தோடு அவளைக் கைவிட்டுவிடவில்லை. 21 வயதுவரை பின்பராமரிப்புக்கு இடம் தருகிறது. ஆனால் அவள் போய்ச் சேரும் வீட்டை எந்த விதியால் அளப்பது என்பதில்தான் எனக்குச் சிக்கல்.

தமிழ்நாட்டில் 2014இல் வந்த விடுதிகள், இல்லங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் பெயரைப் பாருங்கள்: 'பெண்கள், குழந்தைகள்.' வேலைக்குப் போகும் முப்பது வயதுக்காரியும் மூன்றாம் வகுப்புச் சிறுமியும் ஒரே மூச்சில். திருவல்லிக்கேணி மேன்ஷனில் தங்கும் இருபது வயதுப் பையன் இரவு எத்தனை மணிக்குத் திரும்பினான் என்று எந்த நோட்டிலும் எழுதுவதில்லை.

உரிமமே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். சொந்தபந்தம் உள்ள பெண் ஒரு விடுதியில் அடிபட்டால் சித்தியோ மாமாவோ வந்து வாசலில் நின்று சத்தம் போடுவார்கள். இவளுக்கு அப்படி யார் இருக்கிறார்கள்? கதவைத் தட்டி உள்ளே வரும் உரிமை வெளியாள் ஒருவருக்காவது இருக்க வேண்டும். உரிமம் தருவது அதைத்தான், அது சின்ன விஷயமில்லை.

ஆனால் அசம்பாவிதம் நடந்தால் உரிமம் போகும். ஒரு பெண்ணை மூன்று வருடம் பூட்டி வைத்திருந்தால், கைபேசியைப் பிடுங்கி வைத்திருந்தால், அதற்காக யாருடைய உரிமம் போயிருக்கிறது? வார்டன் கெட்டவராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. தண்டனை ஒரு பக்கம் மட்டும் இருக்கும்போது நல்லவரும் பூட்டைத்தான் தேடுவார். அதைவிட எளிய வழி, நல்ல இடம் பார்த்துக் கல்யாணம் செய்து அனுப்பிவிடுவது. 'செட்டில் ஆயிட்டா' என்று பதிவேட்டில் அந்தப் பெயரை முடித்துவிடலாம்.

ஆய்வுக்கு வரும் அதிகாரி கழிப்பறைகளை எண்ணட்டும், சுற்றுச்சுவரைப் பார்க்கட்டும். பிறகு வார்டனை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு அந்தப் பெண்களோடு தனியாக உட்காரட்டும். வாசல் சாவி உங்களிடம் ஒன்று இருக்கிறதா, புகார் சொல்ல வேண்டுமென்றால் வார்டனைத் தாண்டி யாரிடம் போவீர்கள், இங்குள்ள விதிகளில் உங்களைக் கேட்டு எழுதியது எது என்று கேட்கட்டும். கிடைக்கும் பதிலையும் சுற்றுச்சுவரின் உயரத்துக்குப் பக்கத்திலேயே, அதே படிவத்தில் எழுதட்டும்.