கையெழுத்துக்காகச் செய்யும் தொண்டு

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் உயர்நிலைப் பள்ளிப் பட்டயம் வாங்க வேண்டுமானால், பாடங்களில் தேறினால் மட்டும் போதாது. 40 மணி நேரம் சமூகத் தொண்டும் செய்திருக்க வேண்டும். 1999இல் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தவர்கள் தொடங்கி இந்த விதி நடைமுறையில் இருக்கிறது. அரசு நிதியில் இயங்கும் கத்தோலிக்கப் பள்ளிகளும் இதற்குக் கட்டுப்பட்டவை. தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த ஸ்காபரோவில், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் வீடுகளில் "மணித்தியாலம் முடிஞ்சுதா?" என்பது பழகிப்போன கேள்வி.

எது கணக்கில் சேரும், எது சேராது என்பதற்கும் விதி உண்டு. வீட்டில் அன்றாடம் செய்யும் வேலை சேராது. வழக்கமாகச் சம்பளத்துக்கு ஆள் வைத்துச் செய்யும் வேலை சேராது. இளங்குற்றவாளிக்கு நீதிமன்றம் விதிக்கும் சமூகப் பணியும் சேராது. ஒரே பூங்காவில் ஒரே குப்பையை அள்ளும் இரண்டு பையன்களில் ஒருவனுக்கு அது தண்டனையாகவும், மற்றவனுக்கு நற்சான்றாகவும் ஆகிறது. இருவருமே விரும்பி வந்தவர்களாக இல்லாமலும் இருக்கலாம்.

கத்தோலிக்கப் பள்ளியை இந்த நிலை கூடுதலாக உறுத்த வேண்டும். வலக்கை செய்வதை இடக்கை அறியாதிருக்கட்டும் என்ற மத்தேயு நற்செய்தியின் போதனையை மறைக்கல்வி வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் அதே பள்ளி, செய்த தொண்டை மணிக்கணக்கில் எழுதிப் பொறுப்பாளரிடம் கையெழுத்து வாங்கி வரச் சொல்கிறது. வட அமெரிக்காவின் பல பங்குகளில் உறுதிப்பூசுதல் பெறத் தயாராகும் பிள்ளைகளிடமும் இப்படித் தொண்டு நேரம் கேட்கப்படுகிறது. நம்பிக்கையிலிருந்து ஊற வேண்டிய ஒன்றைக் கட்டாயப்படுத்திப் பெறுவது சரிதானா?

கட்டாயத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. எந்தக் குழந்தையும் தானாகத் தேர்ந்தெடுத்து ஞாயிறு திருப்பலிக்குப் போகத் தொடங்குவதில்லை. தாய் கையைப் பிடித்து அழைத்துப் போகிறாள். நற்பண்பு பழக்கத்தால் அமைகிறது என்று அரிஸ்டாட்டில் சொன்னதைத் தோமா அக்குவினாசும் தம் அறவியலில் ஏற்றுக்கொண்டார். இன்னொரு நியாயமும் உண்டு. விருப்பமுள்ளவர் வரட்டும் என்று விட்டுவிட்டால், ஏற்கெனவே துணிச்சலும் வண்டி வசதியும் உள்ள பிள்ளைகள்தான் வருவார்கள். கூச்ச சுபாவமுள்ள பிள்ளையை யாரும் கூப்பிடுவதில்லை. விதி அந்தப் பிள்ளைக்கும் ஒரு கதவைத் திறந்துவிடுகிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பெத்லகேம் நகரப் பொதுப் பள்ளிகள் 60 மணி நேரத் தொண்டைக் கட்டாயமாக்கியபோது, இது அரசியல் சட்டம் தடைசெய்த கட்டாய அடிமை உழைப்பு என்று பெற்றோர் சிலர் வழக்குத் தொடுத்தார்கள். 1993இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. கல்விக்காகச் செய்யச் சொல்லும் வேலையை அடிமைத்தனம் என்பது மிகைதான்.

ஆனால் சட்டம் அனுமதிப்பதெல்லாம் பலன் தரும் என்றில்லை. ஸ்டூகாஸ், ஸ்னைடர், கிளாரி என்ற மூன்று உளவியல் ஆய்வாளர்கள் 1999இல் வெளியிட்ட ஆய்வு இங்கே எச்சரிக்கிறது. தொண்டில் முன்பே நாட்டமில்லாத மாணவர்களைக் கட்டாயப்படுத்தியபோது, பிற்பாடு தாமாகத் தொண்டு செய்யும் எண்ணம் அவர்களிடம் குறைந்தது. செய்வதும் விடுவதும் உன் விருப்பம் என்று சொல்லப்பட்டவர்களிடம் அந்தச் சரிவு இல்லை. யாரை மாற்ற விதி போடப்படுகிறதோ அவரையே அது விலக்கிவிடலாம்.

இதுவரை சொன்ன நியாயங்கள் இரு பக்கமும் மாணவரைப் பற்றியவை. உதவி பெறுகிறவர் இந்த விவாதத்தில் எங்கே இருக்கிறார்? கவலைக்குரிய இடம் இதுதான். முதியோர் இல்லத்துக் கிழவியிடம் ஒரு மாணவி இரண்டு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தாள் என்று படிவம் சொல்லும். இல்லத்தின் பொறுப்பாளர் அதில் கையெழுத்திடுவார். அந்தக் கிழவிக்கு அன்று பேச விருப்பம் இருந்ததா என்பதைக் குறிக்கப் படிவத்தில் ஒரு வரிகூட இல்லை. அவர் மாணவியின் பட்டயத்துக்கு ஒரு படியாகிவிடுகிறார். மனிதரைப் படியாக்குவது, கட்டாயப்படுத்துவதைவிடப் பெரிய தவறு.

இதை இவான் இல்லிச் 1968இலேயே கடுமையாகச் சொன்னார். கத்தோலிக்கக் குருவான அவர், மெக்சிக்கோவின் கிராமங்களில் தொண்டாற்றக் கிளம்பிய வட அமெரிக்க மாணவர்களிடமே, உதவி செய்யும் எண்ணத்தோடு அங்கே போகாதீர்கள் என்று பேசினார். பாருங்கள், படியுங்கள், மலையேறுங்கள். உதவத்தான் வேண்டுமென்றால், உங்கள் மொழியிலேயே உங்களைப் போகச் சொல்லக்கூடியவர்களிடம் போய் உதவுங்கள் என்பது அவர் வாதத்தின் சாரம். மறுக்க முடியாதவர் மீது விழும் தொண்டு, எவ்வளவு நல்ல மனத்தோடு செய்தாலும், ஒரு வகை அதிகாரம்தான். இல்லிச்சின் முடிவு முழுவதையும் ஏற்க வேண்டியதில்லை. உதவி பெறுகிறவருக்கு மறுக்கும் உரிமை வேண்டும் என்ற அவருடைய அளவுகோலை ஏற்றே ஆக வேண்டும்.

அந்த அளவுகோலுக்கு நிற்கும் ஒரு தொண்டு பாரிஸில் பிறந்தது. 1833இல் ஃபிரெடெரிக் ஓசானாம் என்ற சட்டக் கல்லூரி மாணவரிடம், உங்கள் திருச்சபை இன்று ஏழைகளுக்கு என்ன செய்கிறது என்று விவாத மன்றத்தில் சிலர் சவால் விட்டார்கள். அப்போது அவருக்கு வயது ஏறக்குறைய 20. அவரும் நண்பர்களும் தாமாக ஒரு திட்டம் தீட்டி இறங்கவில்லை. முஃப்தார் பகுதியில் பல ஆண்டுகளாக ஏழைகளோடு பழகிய அருட்சகோதரி ரோசலி ரந்துவிடம் போய் நின்றார்கள். எந்த வீட்டுக்குப் போக வேண்டும், என்ன கொண்டுபோக வேண்டும் என்பதை அவர் சொன்னார். யாருக்கு என்ன தேவை என்பதை, அந்த ஏழைகளை அறிந்தவர் தீர்மானித்தார். வின்சென்ட் தே பவுல் சபை இப்படித் தொடங்கியது. தமிழ்நாட்டுப் பங்குகளிலும் அதன் கிளைகள் இன்றும் வீடு தேடிப் போகின்றன.

நம் காலத்துப் பள்ளி ஒன்றும் வழிகாட்டுகிறது. அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் இயேசு சபையினர் நடத்தும் புனித இஞ்ஞாசியார் உயர்நிலைப் பள்ளியில், 2000களின் தொடக்கத்தில், இயேசுவின் உடலை அடக்கம் செய்த அரிமத்தியா யோசேப்பின் பெயரால் மாணவர் குழு ஒன்று உருவானது. இறந்தவரைத் தூக்க ஆளில்லாத இறுதிச் சடங்குகளுக்கு இந்தப் பையன்கள் போகிறார்கள், சவப்பெட்டியைச் சுமக்கிறார்கள், கல்லறையருகே நின்று செபிக்கிறார்கள். இறந்தோரை அடக்கம் செய்வது கத்தோலிக்க மரபில் உடல் சார்ந்த ஏழு இரக்கச் செயல்களில் ஒன்று. நாடு கடத்தப்பட்ட தோபித்து, தன் உயிருக்கு ஆபத்து வரும் என்று தெரிந்தும், கொல்லப்பட்ட தன் இனத்தாரைப் புதைத்த கதை கத்தோலிக்க விவிலியத்தில் தனி நூலாகவே இருக்கிறது. சுமக்கப்படுகிறவர் நன்றி சொல்லப் போவதில்லை. அவரோடு படம் எடுத்துக்கொள்ளவும் முடியாது. 16, 17 வயதுப் பையன்கள் முன்பின் தெரியாத ஒருவரின் பாரத்தைத் தோளருகே உணர்கிறார்கள்; நம்பிக்கைக் கல்வி என்று இதைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

ஆகவே கத்தோலிக்கப் பள்ளி முதல் அடியைக் கட்டாயமாக்கலாம், அதில் குற்றமில்லை. ஆனால் அந்த மணிக்கணக்கை மாணவரின் விசுவாசத்துக்கு அளவாகக் காட்டக் கூடாது. பெற்றோர் இரட்டை வேலைக்குப் போக, தம்பி தங்கையைக் குளிப்பாட்டிச் சோறூட்டிப் பாட்டிக்கு மருந்து கொடுக்கும் பெண்பிள்ளையை, தொண்டு செய்யாதவள் என்று ஒரு படிவம் காட்டினால், அந்தப் படிவத்தில்தான் பிழை இருக்கிறது. மாகாண விதியைப் பள்ளி மாற்ற முடியாது. உறுதிப்பூசுதலுக்குத் தயாரிக்கும் பங்கு தன் கணக்கில் அவளுடைய உழைப்பைச் சேர்த்துக்கொள்ளலாம். சேர்த்துக்கொள்ளவும் வேண்டும்.

வரும் செப்டம்பரில் புதிய மாணவர் கையில் படிவத்தைக் கொடுக்கும் முன், பள்ளியின் ஆன்ம குருவும் ஆசிரியர்களும் அருகிலுள்ள முதியோர் இல்லத்துக்கும் உணவு வங்கிக்கும் ஒருமுறை போய் வரட்டும். யார் வர வேண்டும், எந்த நாளில், எதற்காக, யாரெல்லாம் வர வேண்டாம் என்று அங்கே இருப்பவர்களையே கேட்டு எழுதி வரட்டும்.