வெட்டப்பட்ட இறுதிக் காட்சி

இணையத்தில் உலவும் பொய்ச் செய்தி பல வேளைகளில் முழுக்கப் புனையப்பட்டதாக இருப்பதில்லை. எங்கோ என்றோ எடுக்கப்பட்ட ஒரு காணொளி தன் ஊரையும் நாளையும் இழந்து, வேறோர் ஊரின் பெயரைச் சுமந்து கைப்பேசிக்கு வந்து சேர்கிறது. 2018இல் இந்தியாவெங்கும் வாட்ஸ்அப் வழியே பரவிய குழந்தைக் கடத்தல் வதந்திகளுள் ஒன்று அவ்வாறே உருவானது. மோட்டார் சைக்கிளில் வரும் இருவர் தெருவில் விளையாடும் சிறுவனைத் தூக்கிச் செல்லும் அக்காட்சி, கராச்சியில் பெற்றோரின் விழிப்புணர்வுக்காக எடுக்கப்பட்ட குறும்படத்தின் பகுதி. அதன் இறுதியில் அவ்விருவரும் திரும்பி வந்து சிறுவனை இறக்கிவிட்டு, கடத்தல் எத்துணை எளிது என எச்சரிக்கும் பதாகையை விரிக்கின்றனர். அச்சில நொடிகள் வெட்டப்பட்டதும், குழந்தைகளைக் காக்க எடுக்கப்பட்ட படமே கொலைவெறியைத் தூண்டும் சான்றாயிற்று.

அவ்வாண்டு மே மாதம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்குச் சென்ற சென்னைக் குடும்பத்தைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர், சிறுவர்களுக்குச் சாக்லேட் கொடுத்ததால் ஐயுறப்பட்டுக் கூட்டத்தால் அடித்துக் கொல்லப்பட்டார். ஜூலை 1 அன்று மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில் ஐவர் அவ்வாறே மாண்டனர். இவ்வதந்திகளைப் பகிர்ந்தோருள் பெரும்பாலோர் தீயோர் அல்லர், பிள்ளைகளுக்காக அஞ்சிய பெற்றோரே என்று கொள்வதில்தான் இந்நிகழ்வின் முழுத் துயரமும் புலப்படுகிறது. ஏனெனில் நல்லெண்ணம் ஐயத்தை உறங்கச் செய்கிறது, அன்பினால் அனுப்பப்படுவதை எவரும் சரிபார்ப்பதில்லை. அதே ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் பகிர இயலாதவாறு வரம்பிட்டது; அது வதந்தியின் வேகத்தைக் குறைக்கலாமேயன்றி, படிப்பவருக்காக ஆராய்ந்து பார்க்காது.

அவ்வாராய்ச்சிக்குப் பழகிய கல்வி மட்டும் போதாது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஓர் ஆய்வுக்காக வரலாற்றறிஞர்கள், மாணவர்கள், செய்திச் சரிபார்ப்பாளர்கள் என 45 பேரிடம் இணையப் பக்கங்களைக் கொடுத்து மதிப்பிடச் சொன்னபோது, முனைவர் பட்டம் பெற்றோரும் பக்கத்தின் சின்னத்தையும் தோற்றத்தையும் நம்பித் தடுமாறினர். சரிபார்ப்பாளர்களோ அப்பக்கத்தை விரைவில் விட்டு வெளியேறி, அதனைப் பற்றிப் பிறர் கூறுவதைத் தேடினர். பக்கவாட்டு வாசிப்பு எனப்படும் இம்முறை, கண்முன் உள்ளதை ஊன்றிப் படிப்பதே அறிவு என்ற பள்ளிப் பாடத்துக்கு மாறானது என்பதால், கற்றோரும் இதைப் புதிதாகக் கற்க வேண்டியவராகின்றனர். கராச்சிப் படம் அந்நாளிலும் முழுமையாக இணையத்தில் இருந்தது. பகிர்வதற்கு முன் தேடியிருந்தால், சிறுவன் இறக்கிவிடப்படுவதையும் பதாகை விரிக்கப்படுவதையும் எவரும் கண்டிருக்கலாம்.